எல்லோருக்கும் ஓம் சொன்னவர்

ஒரு வருசம் எங்கள் அந்தோனியார் கோயில் திருநாளில், ஊர்வலத்தில் தூக்கிப்போகும் சுருவச் சிலையின் முன்பக்கத்து வலது தண்டை யார் தோளில் வைப்பது என்று இரண்டு குடும்பங்களுக்கு இடையில் இழுபறி. இரண்டு வீட்டாரும் தனித்தனியே என் அக்காவின் புருசனிடம் போய்க் கேட்டார்கள். அப்போது கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கோயில் சபைக்கும் அவர்தான் தலைவர். காலையில் வந்தவர்களுக்கு ஓம், சரி என்றார். பின்னேரம் வந்தவர்களுக்கும் ஓம் என்றார். திருநாளன்று இரண்டு பேர் வெளுத்த வேட்டியோடு வந்து ஒரே தண்டைப் பிடித்துக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். அத்தான் நடுவில் புகுந்து, போகும்போது ஒருவர், திரும்பும்போது மற்றவர் என்று சொல்லி இரண்டு பேருடைய தோளிலும் கைபோட்டுச் சிரித்தார். அவர்களும் சிரித்துவிட்டார்கள். சனமும் சிரித்தது. அக்கா மட்டும் முக்காட்டுக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நான் கலியாணம் முடித்த புதிது. இப்படி ஒரு மனிசன் அக்காவுக்குக் கிடைத்தாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் தடித்த ஆள். தோளில் சால்வை, வாயில் பாதி அணைந்த சுருட்டு. யாராவது பேசத் தொடங்கினால் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லி முடிக்குமுன் தலையாட்டத் தொடங்கிவிடுவார். பிறகு, "நீர் சொல்லுறது சரிதான்" என்பார். அதைக் கேட்டால் யாருக்கும் நெஞ்சு குளிரும். மனிசரை முகத்துக்கு முன்னால் முறிக்கக்கூடாது என்பது அவர் அடிக்கடி சொல்லும் சொல். மீன் வாங்க வந்த சம்மாட்டி விலையைக் குறைத்தாலும் ஓம். சம்மாட்டி ஏமாற்றுகிறான் என்று தொழிலாளி வந்து அழுதாலும் ஓம்.

அந்த ஓமால் எனக்கு ஒரு உயிரே கிடைத்தது. மூத்தவள் வயிற்றில் இருந்தபோது வாடைக்காற்று மும்முரம். ஒரு காலையில் வலி கண்டுவிட்டது. ரோட்டெல்லாம் வெள்ளம், வண்டில் போகாது. என் புருசனுக்கு நெஞ்சில் முட்டு. ஈளை இழுத்தால் எழும்பவே மாட்டார். அத்தானிடம் ஆள் போனது. அவர் மறுபேச்சுப் பேசாமல் தோணியை இழுத்து, என்னை அதில் கிடத்தி, மழையில் கோலூன்றி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார். வழி முழுக்கச் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார். இதையும் நான் மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் மற்றதைச் சொல்வது இலேசாக இருந்திருக்கும்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் ஆழ்கடல், மறுபக்கம் ஆழமில்லாத பரவைக்கடல். பரவைக்கடல் பக்கம் போனால் முதலில் தண்ணீர் தெரியாது, கண்டல் காடுதான் தெரியும். வேர்களைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு மரங்கள் கடலுக்குள் இறங்கி நிற்கும். அந்த வேர்களுக்குள்தான் றாலும் நண்டும் ஒட்டி, ஓரா மீன்களும். ஆழ்கடலில் பிடிபடுகிற மீனுக்கும் குஞ்சுப் பருவம் இந்த வேருக்குள்தான் என்று என் புருசன் சொல்லுவார். முட்டுக்காரர் என்பதால் அவர் ஆழ்கடலுக்குப் போவதில்லை. கண்டலை ஊடறுத்து ஓடும் ஓடையின் வாயில் கம்பு நட்டு வலை கட்டுவார். நான் திரேசம்மாவோடும் மற்றப் பெண்களோடும் இடுப்பளவு தண்ணீரில் நின்று கைவலையால் றால் வாருவேன். திரேசம்மா புருசனை இழந்தவள். நாலு பிள்ளைகளையும் அந்தக் கைவலையால்தான் வளர்த்தாள். வள்ளம் இல்லாத வீடுகளில் உலை கொதித்தது அந்தக் காட்டை நம்பித்தான்.

வள்ளக்காரருக்கும் அது வேண்டியிருந்தது. நூல் வலை இருந்த காலத்தில், கண்டல் பட்டையைக் கிடாரத்தில் அவித்து, அந்தச் சிவந்த சாயத்தில் வலையைத் தோய்த்து எடுப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் உப்புத் தண்ணீரில் நூல் இத்துப்போகும். ஒரு மரத்தில் ஒரு பக்கப் பட்டைதான் உரிக்கலாம் என்று சங்கத்தில் கட்டுப்பாடு இருந்தது. அத்தான் தலைவராக வருமுன் இருந்த கட்டுப்பாடு அது.

ஒரு மார்கழியில் பெரும் புயல் அடித்தது. புயலுக்கு முன்னேயே ஊர் வள்ளங்களை எல்லாம் சுற்றிக் கொண்டுவந்து ஓடைக்குள் விட்டு, வேர்களோடு பிணைத்துக் கட்டினார்கள். விடிந்து பார்த்தால் ஒன்றுக்கும் சேதமில்லை. கண்டல் இல்லாத பக்கத்து ஊர்க் கரையில் வள்ளங்கள் சிரட்டை உடைந்தமாதிரிக் கிடந்தன. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து அத்தான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "இந்தக் கண்டல் நிண்டபடியால்தான் நாங்கள் நிக்கிறம். இதில கை வைக்கிறவன் தன்ர சோத்துச் சட்டியில கை வைக்கிறான்."

அறியாமல் செய்தார் என்று பிற்காலத்தில் சிலர் அவருக்காகப் பேசியபோது, எனக்கு இந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

பிறகு நைலோன் வலை வந்தது. பட்டைச் சாயம் தேவையில்லாமல் போனது. வள்ளக்காரர் கண்டல் பக்கம் வருவது குறைந்தது. வருசத்தில் ஒருமுறை புயலுக்கு ஒதுங்குகிற இடம் என்ற அளவில்தான் அவர்களுக்கு அந்தக் காடு மிஞ்சியது. அது பெண்களுடைய இடம், உடம்புக்கு ஏலாதவர்களுடைய இடம் என்று ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சுண்ணாம்புச் சூளை வைத்திருந்த ஒருவர் விறகு தேடி வந்தார். விழுந்து காய்ந்ததை மட்டும் எடுக்கிறேன் என்று அத்தானிடம் கேட்டார். அத்தான் ஓம் என்றார். காய்ந்தது ஒரு மாதத்தில் முடிந்தது. அதன்பின் பச்சை மரத்தில் கோடரி விழும் சத்தம் வீடுவரை கேட்டது.

நாங்கள் பெண்கள் ஆறேழு பேர் போய் முறையிட்டோம். அத்தான் உடனேயே சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இப்பவே போய் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று புறப்பட்டார். போனவர் பின்னேரம் சூளைக்காரரின் லொறியில், முன் ஆசனத்தில் இருந்து வந்து இறங்கினார். பின்னால் கோயிலுக்கு வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு மூட்டைகள். வாசல் படலையடியில் நின்ற என்னைக் கண்டு அவரே பேச்சை எடுத்தார்.

"சொன்னனான் பிள்ளை. பெருநாள்வரைக்கும் வெட்டிப்போட்டு நிப்பாட்டுறன் எண்டு அவரும் ஓமெண்டவர். அவருக்கும் பிள்ளை குட்டி இருக்குத்தானே."

"எங்களுக்கு இல்லையோ அத்தான்?"

"இருக்கு, இருக்கு. நீர் சொல்லுறதும் சரிதான்."

அந்த உயிர்த்த ஞாயிறுக்குக் கோயில் பளீரென்று வெள்ளையாக நின்றது. தலைவர் கோயிலுக்குச் செய்த தொண்டு என்று சனம் புகழ்ந்தது. கண்டலில் மேற்குப் பக்கம் முழுக்க அடிக்கட்டைகள். பெருநாளோடு சூளைக்காரர் நிறுத்தவில்லை. வெட்டுவது அவருக்கு அலுத்தபோதுதான் நிறுத்தினார்.

மிஞ்சியது கிழக்குப் பக்கம். ஓடையும் அதன் இரு கரையும். அதையும் இழந்திருப்போம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதன்பின் ஒரு நாலைந்து வருசம் எங்களுக்கு நல்ல காலம் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர். நயினாதீவுக் கோயிலும் விகாரையும் பார்க்க வந்து ஊர்காவற்றுறையில் தங்கிய ஒரு இளஞ்சோடி, சைக்கிளில் சுற்றிக்கொண்டு எங்கள் கரைக்கும் வந்தார்கள். கழுத்தில் கமரா. என் புருசனிடம் கையாலே பேசி, ஓடைக்குள் கொண்டுபோகச் சொன்னார்கள். அவர் தோணியில் ஏற்றிப் போனார். நாரையும் நீர்க்காகமும் வேருக்கு மேல் ஏறி ஓடும் நண்டும் பார்த்து அந்தப் பெண் குழந்தைமாதிரி வாயைப் பொத்திக்கொண்டாளாம். திரும்பி வந்து எங்கள் வீட்டுப் பாயில் இருந்து நண்டுக் கறியும் சோறும் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுகச் சிரித்தார்கள்.

அவர்கள் சொல்லித்தானோ என்னவோ, பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மீன் குறைந்த மாதங்களிலும் எங்களுக்கு உழைப்பு இருந்தது. என் புருசன் தோணிக்குள் குறுக்குப் பலகை அடித்து இருக்கை செய்தார். திரேசம்மாவின் மூத்தவனும் ஒரு பழைய தோணியைத் திருத்தி எடுத்தான். கண்டலை உயிரோடு விட்டால் மீனும் தரும், ஆளையும் கூட்டிவரும் என்று என் புருசன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஈளைக்காரர் அவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்தது அந்த வருசங்களில்தான்.

அந்த ஆட்களைக் கண்டு வேறொருவருக்கும் ஆசை வந்தது. யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடை வைத்திருந்த ஒரு பெரிய மனிதர். கண்டலுக்குப் பின்னால் இருந்த பனங்காணியை வாங்கி விடுதி ஒன்று கட்டினார். கட்டி முடித்து விறாந்தையில் கதிரை போட்டு இருந்து பார்த்தால் கடல் தெரியவில்லை, கண்டல் மறைத்தது. வெள்ளைக்காரன் கடல் பார்க்கத்தான் வருகிறான், இந்தச் சேற்றுப் பற்றையை வெட்டினால் வெள்ளை மணலில் கடற்கரை வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டார். நிலம் அரசாங்கத்தினுடையது. கந்தோரில் அதிகாரிகளைக் கேட்டிருக்கிறார். தொழிலாளருக்கு ஆட்சேபனை இல்லையென்றால் வெட்டலாம், அதிகாரி ஒருவர் நேரில் வந்து விசாரிப்பார் என்று சொல்லிவிட்டார்கள்.

நாங்கள் மறுபடியும் அத்தானிடம் போனோம். இந்தமுறை என் புருசனும் வந்தார். அத்தான் எல்லாவற்றையும் தலை சாய்த்துக் கேட்டார். அவருடைய கண் கலங்கியதையும் பார்த்தேன்.

"ஓம், ஏலாதெண்டு சொல்லுறன். நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ" என்றார்.

சந்தோசமாகத் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பினோம். படலைவரை வந்த அக்கா என் கையைப் பிடித்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "அண்டைக்கு நீங்களும் வந்து நில்லுங்கோ. இவரைத் தனிய விட்டுடாதேங்கோ."

அதிகாரி வந்த அன்று வேலைக்குப் போகாமல் கரையில் போய் நின்றோம். வள்ளக்காரரில் ஒன்றிரண்டு பேர்தான் வந்தார்கள். பட்டணத்து ஐயா காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் அத்தானின் தோளில் கையைப் போட்டு, வீட்டில் எல்லோரும் சுகமோ என்று கேட்டார். அதிகாரி கண்டலைப் பார்த்தார், விடுதியைப் பார்த்தார், சப்பாத்தில் சேறு படாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"தலைவர், உங்கட ஆக்களுக்கு ஆட்சேபனை ஏதும் உண்டோ?"

அத்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஐயாவைப் பார்த்தார். சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். ஒரே ஒரு சொல்லுக்காக அத்தனை பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"எங்கட பெண்டுகளுக்குக் கொஞ்சம் மனவருத்தம் இருக்கு ஐயா" என்று தொடங்கினார். "ஆனா இந்த ஐயா சொல்லுறதும் சரிதான். ஊருக்கு ஒரு முன்னேற்றம் வரட்டுமன்."

நான் முன்னுக்கு வந்து, எங்களுக்கு ஆட்சேபனை இருக்கிறது, இது எங்கள் சீவியம் என்று சொன்னேன். அதிகாரி என்னைப் பார்க்காமல் அத்தானையே பார்த்து, இது யார் என்று கேட்டார்.

"என்ர மச்சாள்தான், ஐயா. நல்ல பிள்ளை" என்றார் அத்தான்.

அதோடு முடிந்துவிட்டது. நல்ல பிள்ளை என்ற சொல்லுக்குப் பிறகு என்னைப் பேச யாரும் விடவில்லை. என் புருசன் பேச வாய் திறந்தார். இருமல் வந்துவிட்டது.

அத்தான் ஐயாவிடம் காசு வாங்கிவிட்டார் என்று ஊரில் ஒரு கதை பரவியது. நான் அறிய அவர் ஒரு சதமும் தொடவில்லை. அன்று ஐயா நீட்டிய சிகரெட்டைக்கூட மறுக்க மனமில்லாமல் வாங்கிக் காதில் செருகி, பிறகு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டுத்தான் போனார். காசு வாங்கியிருந்தால் எனக்கு அவரை வெறுக்க வசதியாக இருந்திருக்கும். பக்கத்தில் நிற்கிற மனிசனின் முகம் வாடக்கூடாது என்பதற்காக எங்கள் சோற்றைக் கொடுத்தார். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெட்டியவர்களும் எங்கள் ஊர்ப் பொடியன்கள்தான். நாட்கூலி. கோடரியோடு போனபோது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள், மாலையில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஓடை தூர்ந்தது. வெயில் பட்டுச் சேறு வெடித்து, செத்த நண்டின் நாற்றம் கோயில்வரை அடித்தது. விடுதித் திறப்பு விழாவில் அத்தானுக்கு மாலை போட்டார்கள். மாலையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தார் என்று அக்கா சொன்னாள்.

ஐயா எதிர்பார்த்த வெள்ளை மணல் வரவில்லை. மண்கும்பானில் இருந்து லொறி லொறியாக மணல் கொண்டுவந்து கொட்டினார். முதல் வாடைக்காற்றில் கடல் ஏறி வந்து அதைக் கொண்டுபோனது. மறித்து நிற்க அங்கே ஒரு வேரும் இருக்கவில்லை. அடுத்த வருசம் விடுதியின் மதிலும் சரிந்தது. அந்தப் பழைய சோடியில் பெண் மட்டும் சிநேகிதி ஒருத்தியோடு திரும்பி வந்தாள். கையில், என் புருசன் தோணியில் கோலூன்றி நிற்கிற படம். ஓடை எங்கே என்று படத்தைக் காட்டிக் கேட்டாள். அவர் கூட்டிக்கொண்டுபோய்க் கரையைக் காட்டினார். கமரா கழுத்தில் தொங்கியபடியே இருந்தது, அவள் அதைத் தொடவில்லை. படத்தை என் புருசனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மெல்ல மெல்ல ஆட்கள் வருவது நின்றது. விடுதியின் கதவு யன்னல்களைக் கழற்றி ஐயா பட்டணத்துக்கு ஏற்றினார். உள்ளே ஆடுகள் படுத்தன.

றால் வருவதும் நின்றது. இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில் முழங்கால் அளவு சேறு. இரண்டு மூன்று வருசம் போனபின் ஆழ்கடல்காரரும் மீன் முன்னைப்போல இல்லை என்று முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஒரு காற்றுக்கு வள்ளங்களைக் கொண்டுபோய் மறைக்க இடமில்லாமல் அவர்களில் நாலு பேருடைய வள்ளங்கள் கரையில் மோதி உடைந்தன. அதில் ஒன்று அத்தானுடையது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கரையில் இருந்தார். சங்கத் தலைமையை விடவில்லை. விடச்சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அவரைவிட நல்ல மனிசன் ஊரில் இல்லை என்றார்கள்.

திரேசம்மா பிள்ளைகளோடு மன்னார்ப் பக்கம் தமையன் வீட்டுக்குப் போனாள். என் புருசன் முட்டோடு முல்லைத்தீவுக்குப் போனார். அங்கே வாடி போட்டுத் தங்கி, அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்கு வலை இழுத்தார். ஓலைக் கொட்டிலில் ஈர மணலில் படுக்கை. இரண்டாம் முறை போய் வந்தவர் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுப் படலைவரை நடக்க ஏலாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மாரி முடியுமுன் போய்விட்டார். பெட்டி செய்வித்தது, குழி வெட்டுவித்தது, சுவாமியாரைக் கூட்டிவந்தது எல்லாம் அத்தான்தான். குழியடியில் என்னைவிடச் சத்தமாக அழுதவரும் அவர்தான்.

அதற்கு மூன்று வருசம் கழித்து அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அக்காவுக்கும் ஏலாது என்பதால் நான் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கரண்டியால் பருக்குவேன். ஒரு நாள் மத்தியானம் இரண்டு வாய் குடித்துவிட்டு, கோணிய வாயால் மெல்ல மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு என்னில கோவமோ?"

எத்தனையோ வருசமாக அந்தக் கேள்விக்கு நான் பதில் வைத்திருந்தேன்.

"ஓம் அத்தான். கோவம்தான். நீங்கள் அண்டைக்கு ஏலாதெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவர் முல்லைத்தீவுக்குப் போயிருக்க மாட்டார்."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடிக்குமுன்பே தலையாட்டத் தொடங்கிவிட்டார்.

"நீர் சொல்லுறது சரிதான்" என்றார்.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று கரண்டியைக் கையில் வைத்தபடி காத்திருந்தேன். அந்த நேரம் எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உனக்கு என்ன தெரியும் என்று ஏசியிருக்கலாம். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதோ ஒன்று இறங்கியிருக்கும். அவர் வாயைத் திறந்துகொண்டு அடுத்த கரண்டிக்காக இருந்தார். கஞ்சிக்கு உப்புக் காணுமோ, போதுமோ என்று கேட்டேன். காணும், நல்லாயிருக்கு என்றார். சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மிச்சத்தை வாயில் விட்டபோதுதான் தெரிந்தது, நான் அன்று உப்பே போடவில்லை.

அவர் சாவுக்கு ஊர் முழுக்க வந்தது. சூளைக்காரர் வந்தார். பட்டணத்து ஐயா கார் வைத்து வந்து பெரிய மலர் வளையம் போட்டார். தன் வாழ்நாளில் ஒருவர் மனத்தையும் நோகடிக்காத மனிதர் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தபோது எல்லோரும் தலையாட்டினார்கள்.

முப்பத்தோராம் நாள் அக்கா ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுத்தாள். அவருக்குப் பிடித்தது றால் குழம்பு. எங்கள் கரையில் ஒரு சுண்டு அளவு றாலும் கிடைக்காது என்பதால் யாழ்ப்பாணச் சந்தையில் வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியில், காலை பஸ்ஸில் வந்தது. பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் தலை கறுத்துப்போயிருந்தது. செத்தவீட்டுக்கென்று மன்னாரிலிருந்து வந்து நின்ற திரேசம்மாவும் நானும் குசினி நிலத்தில் இருந்து, நல்லதைப் பொறுக்கி எடுத்து உரித்துக்கொண்டிருந்தோம்.